கேதம் சொன்ன எண்

அத்தியாயம் ஒன்பது

பஞ்சம்மாளைச் சுட்ட இடத்தில் பால் தெளித்துவிட்டு வந்து, ஆண்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெரு முனையில் டிராக்டர் சத்தம் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் ராக்கு தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாராக பாரு. எல்லாம் முடிஞ்ச பெறகு வாராக."

வந்தவர் நாகேந்திரன். பஞ்சம்மாளின் உடன்பிறந்த தம்பி, அபிராமத்துக்காரர். போன வாரத்து அத்தியாயத்தில் நாமும்தானே இந்த வாசலில் அவருக்காகக் காத்துக் கிடந்தோம்? பிறந்த வீட்டுக் கோடிச் சேலை மேலே விழாமல் ஒரு பொம்பளையைத் தூக்கக் கூடாது என்று, பகல் முழுக்க ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தும் ஆள் வரவில்லை. கடைசியில் ராக்குதான் தன் பெட்டியிலிருந்த புதுச் சேலையை எடுத்து, ஓரகத்தி மேல் போர்த்தி அனுப்பினாள். பொங்கல் சீரில் வந்த மனக்கசப்பை வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவள் சாவுக்குக்கூட வராமல் இருந்துவிட்டார் என்று அன்றிலிருந்து இந்த வீடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

அவர் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. மேலே நின்றபடியே கத்தினார்.

"எவ சேலையைப் போட்டு எங்க அக்காவ எரிச்சீக?"

வாசலில் தண்ணீர் சத்தம் நின்றது.

குருநாதன் ஈரக்காலோடு முன்னால் வந்தார். பஞ்சம்மாளின் கொழுந்தன், ராக்குவின் புருஷன். அண்ணன் போன பிறகு மதினிக்கும் அவள் மகன் தங்கப்பாண்டிக்கும் கேள்விமுறை அவர்தான்.

"சேலையக் கேக்குறீகளே மாப்ள, சேலை கொண்டாற வேண்டிய ஆளு அன்னைக்கு எங்க போயிருந்தாக?"

"எனக்கு யாருய்யா சொன்னா?"

"நான் சொன்னேன்."

"எங்கிட்டயா?"

"ஒங்க போன்ல. விடியக்காலை மொதப் போன் ஒங்களுக்குத்தான். பொறந்த வீட்டுக்குத்தான் மொதச் சொல்லு. அது தெரியாதவனா நானு?"

"பொய்!" நாகேந்திரன் டிராக்டர் முகப்பில் ஓங்கி அடித்தார். "மறுநாள் சந்தையில வெங்காயம் வாங்கிட்டு நிக்கிறேன். எவனோ ஒரு மூணாம் மனுசன் வந்து, ஒங்க அக்கா காரியம் நல்லபடியா முடிஞ்சுச்சான்னு கேக்குறான். நான் வெங்காயப் பையோட நிக்கிறேன்யா! சிரிச்ச மூஞ்சியோட நிக்கிறேன்!"

உறவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குருநாதன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதிலும் இந்த விஷயத்தில்.

ஏனென்றால் பங்காளிகளுக்குள் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், வெளியூருக்கெல்லாம் கேதம் சொல்கிற வாய் அவருடையதுதான். மீசை அரும்பிய காலத்தில் சைக்கிளில் போய்ச் சொன்னார். இப்போது போனில் சொல்கிறார். முறை மட்டும் மாறவில்லை. யார் தவறினது, எப்போது எடுக்கிறது, இரண்டே சொல். கேதம் சொல்கிறவர் வாசற்படி ஏற மாட்டார், தண்ணீர் குடிக்க மாட்டார், போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார். போனிலும் அப்படித்தான். எதிர்முனையில் 'ஐயோ' என்பதற்குள் வைத்துவிடுவார்.

ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் முறை சொன்னால் இரண்டாவது சாவு விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் கேட்பார்கள்: "எப்ப எடுக்குறாக?" சொல்லியிருந்தாலும் கேட்பார்கள். அந்த நேரத்தில் வாய்க்கு வேறென்ன வரும்? அந்தக் கேள்வி எப்போதும் அவர் முதுகுக்குத்தான் கேட்கும்.

"சொன்னேன்னா சொன்னேன்," என்றார் குருநாதன். "இந்தா, ஒங்க கண்ணு முன்னால போடுறேன். நம்பர் சரியா தப்பான்னு பாருங்க."

பட்டன் போனை எடுத்து அழுத்திக் காதில் வைத்தார். ஒரு மணி அடித்தது. நின்றது.

"எடுத்தாச்சு பாருங்க!"

"நான் எங்கய்யா எடுத்தேன்? கையில வச்சுக்கிட்டுத்தான நிக்கிறேன்!"

நாகேந்திரன் தன் போனைத் தூக்கிக் காட்டினார். அது மூச்சு விடவில்லை. ஆனால் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளை எழுத்து. அவர் அதை வாசித்தபோது தெருவுக்கே கேட்டது.

"எச்சரிக்கை. மோசடி எண். தடுக்கப்பட்டது."

பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள்: "சும்மாவா போட்டிருப்பான்? என்னமோ பண்ணியிருக்காப்ல."

குருநாதன் காதில் அது விழுந்தது. நரைத்த மீசை துடித்தது.

"என் மகன் புதுப் போன் வாங்கிக் குடுத்தப்ப ஒரு ஆப் போட்டுவிட்டான். திருட்டுப்பயலுக கூப்பிட்டா தானே தடுத்துரும்னு சொன்னான்," என்றார் நாகேந்திரன். குரல் இறங்கியிருந்தது, சூடு இறங்கவில்லை. "ஒங்க யோக்கியதையப் போனே சொல்லுது மச்சான். நான் என்னத்தச் சொல்ல?"

மொட்டைத் தலையோடு தங்கப்பாண்டி ஓடி வந்து டிராக்டர் சக்கரத்தைப் பிடித்தான். "மாமா, எறங்கி வாங்க மாமா. அம்மா படத்துக்கு முன்னால ஒரு நிமிசம் நின்னுட்டுப் போங்க."

"மாமான்னு கூப்பிடாத. கருமாதிக்குத் தாய்மாமன் உருமா கட்ட வருவான்னு தலையத் தடவிக்கிட்டு ஒக்காந்திருக்காத. இந்தா நிக்கிறாகள்ல ஒங்க சித்தப்பு, அவுகளையே கட்டச் சொல்லு."

டிராக்டர் திரும்பியது. தங்கப்பாண்டியின் கை சக்கரத்திலிருந்து நழுவியது. தாய்மாமன் கையால் தலையில் உருமாத் தலைப்பாகை ஏறாதவனை ஊர் ஒரு தலைக்கட்டாகவே எண்ணாது. அது அவனுக்குத் தெரியும். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

குருநாதன் வீட்டுப் பக்கம் திரும்பினார். கதவோரம் அவர் மகள் ஜெயப்பிரியா நின்றாள். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை.

"திருட்டு நம்பரையெல்லாம் பிடிக்கிற வேலைன்னு சொன்னியேத்தா," என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒங்கய்யா நம்பரப் பிடிச்சது யாரு? கேட்டுட்டு வா."

*

பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஜெயப்பிரியா கொதித்துக்கொண்டுதான் வந்தாள். எவனோ ஒரு மடையன் செய்த வேலை. எவன் என்று கண்டுபிடித்து, நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

ஜவுளிக்கடை மாடியில் இருக்கிறது அவள் ஆபீஸ். இணையத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஒரு மிஷினைப் பழக்குகிறார்கள். மிஷினுக்குத் தானாக நல்லது கெட்டது தெரியாது. பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, இது நெருப்பு, இது பழம் என்று ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேங்க் பெயரில் வரும் போலி லிங்க், பரிசு விழுந்திருக்கிறது என்கிற மெசேஜ், பாஸ்வேர்டைப் பிடுங்கும் பக்கம், விடாமல் வரும் அழைப்பு, எல்லாம் குப்பையாகக் கலந்து வந்து சேரும். ஒரே மாதிரி இருப்பதைக் கழித்து, பேரையும் எண்ணையும் அழித்து, களத்தில் சொத்தை மிளகாய் பொறுக்குவது போலப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் அழுத்த வேண்டும். நல்லது. கெட்டது. தெரியலை.

'தெரியலை'யை அதிகம் அழுத்தினால் மேடத்துக்குப் பிடிக்காது. மிஷினுக்குத் 'தெரியலை'யை வைத்து என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?

வாசலில் போனை லாக்கரில் போட்டுவிட்டு வந்து, பக்கத்து நாற்காலி அஸ்பியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இன்னா லில்லாஹி," என்று நெஞ்சில் கை வைத்தாள் அஸ்பியா. கீழக்கரைப் பெண். எந்தத் துக்கத்திலும் அவள் வாய் சும்மா இருக்காது. "அப்ப எங்க பள்ளிவாசல் மோதினார் போனும் அதான் சிவப்பா வருதா? மவுத்துச் செய்தி சொல்லக் கூப்பிடுவாரு. எங்க வாப்பா போன்ல ரெண்டு மாசமா மோசடின்னே வருது. நான்கூட, ஆளு ஆன்லைன்ல லோன் கீன் வாங்கிட்டு ஓடுறாரோன்னு நெனச்சேன்டி. பாவம், போன வாரம் எதிர்ல வந்தப்ப ஸலாம்கூடச் சொல்லாம திரும்பிட்டேன்."

ஜெயப்பிரியா சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவரு எப்படிச் சொல்லுவாரு?"

"எப்படின்னா? இன்னார் மவுத்து, அடக்கம் இத்தனை மணிக்கு. வச்சிருவாரு. அடுத்த வீட்டுக்குச் சொல்லணும்ல?"

"விடியிறதுக்கு முன்னாலயே ஆரம்பிப்பாரா?"

"மவுத்து எப்ப வருதோ அப்ப. ஏன்டி இப்படி முழிக்கிற?"

மாசி மாதம் முழுவதும் அவர்கள் இருவரும் செய்த வேலை ஜெயப்பிரியாவின் கண்ணுக்குள் ஓடியது. அழைப்புகள். பேர் இருக்காது, எண் இருக்காது. எந்த நேரம், எவ்வளவு பேச்சு, யார் துண்டித்தது, மறுபடி கூப்பிட்டாரா இல்லையா, அவ்வளவுதான் வரிசை வரிசையாக இருக்கும். சொல்லிக்கொடுத்த விதியும் எளிது. ஒரே எண்ணிலிருந்து சரமாரியாக அழைப்பு. பேச்சு சில நொடி. கூப்பிட்டவரே வைத்துவிடுவார். அதே ஆளை இரண்டாம் முறை கூப்பிட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு 'கெட்டது' போடலாம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டாள். ஆபீசிலேயே வேகமான கை என்று டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். இன்றைக்கும் அதில்தான் புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள்.

"அஸ்பியா, அது எங்க அய்யாடி," என்றாள். "நம்ம போட்ட கெட்டதெல்லாம் எங்க அய்யா மாதிரி ஆளுகதான்டி."

"எல்லாமேவா இருக்கும்? உள்ள நெசத் திருடனும் இருப்பான்ல?"

"இருப்பான். அவனும் இவுகளும் ஒரே மாதிரி இருக்காகன்னு நமக்குத் தோணலையே. சின்னப் பிள்ளையில இருந்து பாக்குறேன். எங்க வீட்டுக்குள்ள ஒக்காந்துதான் போன் போடுவாக. எனக்கே தோணலையே!"

எவன் அந்த மடையன் என்று தேடி வந்தவளுக்கு, இப்போது யார் நாக்கைப் பிடுங்குவது என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அன்றைக்கு வந்திருந்தது புது வேலை. குரல். மோசடி என்று சந்தேகப்படுகிற அழைப்பை அந்த ஆப் வெறுமனே தடுப்பதில்லை. தானே எடுத்துக்கொள்ளும். எதிரே ஆள் இருப்பது போல மௌனமாக இருக்கும். பேசுகிறவன் பேசுவதையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். திருடனைப் பேசவிட்டுப் பிடிக்கிற பொறி. அப்படிச் சிக்கியதில் தெற்கத்திப் பேச்சாக இருப்பதைப் பிரித்து இவர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கக் குரலை மாற்றி, பேர் வரும் இடத்தில் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தார்கள்.

ஹெட்போனை மாட்டினாள். ஒரு குரல் கேஒய்சி கேட்டது. கெட்டது. ஒரு குரல் லாட்டரி என்றது. கெட்டது. ஒரு குரல், தொண்டையைச் செருமியது.

அவள் கை நின்றது.

"பீப்... தவறிருச்சு. சாயந்தரம் எடுக்குறோம்."

அவ்வளவுதான். பெண் குரலுமில்லாமல் ஆண் குரலுமில்லாமல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனால் துண்டிக்கும் முன் பின்னாலிருந்து இன்னொரு குரல், தூரத்தில், அதே தகரக் குரலில்: "அய்யா, சார்ஜ் கம்மியாருக்கு, இந்தாங்க வயரு."

அவளேதான். சாவு விழுந்த அன்றைக்கு வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

மறுபடி போட்டுக் கேட்டாள். மறுபடி. அஸ்பியா தோளைத் தொட்டபோதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. துடைக்கவில்லை. 'நல்லது' என்று அழுத்தினாள். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் தட்டினாள்: 'இது கேதம். சொன்னவர் எங்க அய்யா. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.'

கொஞ்ச நேரத்தில் மகேஸ்வரி மேடம் அறையிலிருந்து கூப்பிட்டார்.

"என்ன எழுதி வச்சிருக்க ஜெயப்பிரியா? தெரிஞ்ச குரல் வந்தா தொடாம என்கிட்ட சொல்லணும்னு ட்ரெயினிங்லயே சொன்னேன்ல? பேரே இல்லாத டேட்டாவுக்கு நீ பேர் வச்சிருக்க. கிளையண்ட் பாத்தா ஆபீசையே மூடிருவான்."

"மேடம், மாசி மாசம் போட்ட லேபிள் தப்பு. திரும்ப எடுக்கணும்."

"அதெல்லாம் போய் மிஷின் படிச்சு முடிச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே பதில் போட்டிருக்கீங்க. ரெண்டு பேர் ஒத்துப்போனா அது சரின்னுதான் அர்த்தம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே தப்பச் சொல்லிக்குடுத்தா ஒத்துத்தான மேடம் போகும்?"

மேடத்தின் முகம் இறுகியது. "நூத்துல ஒண்ணு தப்பாப் போறது சகஜம்மா. மீதியப் பாரு. எத்தனை பேர் பணம் தப்பிச்சிருக்கு!"

"தப்பிச்சிருக்கும். நான் இல்லைங்கலை. ஆனா அந்த ஒண்ணு யாருன்னு பாருங்க. ஊருக்கு ஒருத்தர்தான் கேதம் சொல்லுவாக. எந்த ஊரை எடுத்தாலும் மாட்டுறது அவுக மட்டுந்தான். வேற யாரும் இப்படிப் பேச மாட்டாக. அப்ப ஊர் ஊருக்கு யாரு திருடன்? சாவு சொல்றவகளா?"

"குரலை உயர்த்தாத."

"ஒங்க வீட்டுச் சாவு ஒங்களுக்கு வந்து சேரலைன்னா நீங்க மெதுவாவா மேடம் பேசுவீக?"

வெளியே கீபோர்டு சத்தமெல்லாம் நின்றுவிட்டது. மகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவரும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். ஆனால் அன்றைக்கு ஜெயப்பிரியாவுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட மனசில்லை.

"இப்ப வீட்டுக்குப் போ," என்றார். "நாளைக்கு மேல இருந்து பேசுவாங்க. உன் லேபிள் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்னா உன் தப்புன்னு எழுதிக் குடுக்கணும். வேலை இருக்குமா இருக்காதான்னு என்னால சொல்ல முடியாது. யோசிச்சு வா."

"யோசிச்சாச்சு மேடம். ஒரு பொத்தானும் சேத்து வையுங்க. கேதம்னு."

*

சாவு வீடென்றாலும் களத்தில் கிடக்கிற மிளகாய் காத்திருக்காது. குருநாதன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முண்டு மிளகாயைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தார். நெடி தொண்டையை அறுத்தது. ராக்கு ஓரமாகச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெயப்பிரியா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தான் அழுத்திய பொத்தானையும் சேர்த்துத்தான். அதை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்ல அவளால் முடியவில்லை.

குருநாதன் புரட்டுவதை நிறுத்தவில்லை. களத்தின் கடைசிவரை போய், திரும்பி, அதே தடத்தில் வந்தார்.

"அப்ப நீதான் போட்ட."

"ஆமாய்யா. நீங்கன்னு தெரியாம போட்டேன்."

"நான்னு தெரிஞ்சா நல்லவன்னு போட்டிருப்ப. வேறொருத்தன் அப்பன்னா?"



"ஏங்க, பிள்ளைய ஏன் வையிறீக?" என்று ராக்கு இடையில் வந்தாள். "அதுதான் ஒங்க குரலு அங்கன இருக்குன்னு சொல்லுதுல்ல? அத அப்படியே நாகேந்திரன் காதுல போட்டுக் காட்டுனா வாய மூடிக்கிட்டு உருமாவோட வந்துர மாட்டாகளா?"

அவர் அப்போதுதான் வெடித்தார். காலால் எற்றிய மிளகாய் நாலாபக்கமும் சிதறியது.

"எனக்குச் சாட்சி ஒரு மிஷினாடி? நான் சொன்னேன்னா சொன்னேன்! அந்தச் சொல்லுக்கு இத்தனை வருசமா எவனும் சாட்சி கேட்டதில்ல. எங்க மதினி செத்த சொல்லு. பொறந்த வீட்டுக்குப் போக வேண்டிய சொல்லு. அத நடுவழியில எவனோ பிடிச்சு டப்பாவுக்குள்ள வச்சிருக்கான். போட்டுப் போட்டுக் கேக்குறானுக, இது களவாணியா இல்லையான்னு. அதுல சத்தம் வேற போட்டு அவுக பேரையே அழிச்சிருக்கானுக! செத்தவளுக்குக் கடைசியா இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான!"

நெடியில் மூன்று பேருக்கும் கண் எரிந்தது. மூன்று பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். யார் எதற்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அவர் துண்டை அவிழ்த்து உதறினார். வீட்டுச் சுவரோரம் நின்ற மொபெட்டை நோக்கி நடந்தார்.

"எங்க போறீக?"

"அபிராமத்துக்கு."

"எதுக்கு? சண்டைக்கா?"

"கேதம் சொல்லப் போறேன்."

ராக்கு ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஐயையோ, ஒரு வீட்டுக்கு ரெண்டாந்தடவை சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக?"

"மொதத் தடவை யாருகிட்டடி சொன்னேன்? மிஷின்கிட்டத்தான? மனுசன்கிட்ட இன்னும் சொல்லலையே."

மொபெட் உறுமியது. ஜெயப்பிரியா கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் இறங்கச் சொல்லவில்லை.

கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் பின்னால் ஓடின. அவள் கையில் போன் துடித்தது. அஸ்பியா. 'நீ போன பெறகு கேதம் மாதிரி வாரதுக்கெல்லாம் தெரியலைன்னே போட்டேன். என் ஸ்கோர் மண்ணாப் போச்சு. மேடம் என்னயும் கூப்பிட்டிருக்காங்க. மோதினாருக்காகப் போறேன். எனக்காக துஆ செய்.' அதன் கீழே இன்னொன்று, ஆபீசிலிருந்து. நாளை காலை அடையாள அட்டையோடு வரவும் என்று மட்டும் இருந்தது. எதற்கு என்று இல்லை. அவள் போனை அணைத்தாள்.

நாகேந்திரன் வீட்டு முன் டிராக்டர் நின்றது. அதன் அடியில் குந்தி உட்கார்ந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தவர், மொபெட்டைப் பார்த்ததும் ஸ்பானரோடு எழுந்தார்.

"எதுக்குய்யா வந்த? காலையில பட்டது பத்தலையா?"

குருநாதன் செருப்பை ரோட்டிலேயே கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாசற்படிக்கு வெளியே போய் நின்றார்.

உள்ளேயிருந்து நாகேந்திரன் மனைவி ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று பழக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு வந்தவள், அவர் நிற்கிற நிலையைப் பார்த்ததும் செம்போடு நின்றுவிட்டாள். அந்த நிலை எதற்கானது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"பஞ்சம்மா தவறிருச்சு."

இரண்டாவது சொல்லுக்காக வாய் திறந்தது. அந்தச் சொல் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒற்றைச் சொல்லோடு நின்றார். வாயை மூடிக்கொண்டார். முறைப்படி திரும்பி, ரோட்டை நோக்கி நடந்தார்.

"தெரியும்யா!" நாகேந்திரன் பின்னாலிருந்து கத்தினார். "எனக்குத் தெரியாததையா சொல்ல வந்த? எரிச்சு, சாம்பலாக்கி, பாலும் தெளிச்சிட்டு, இப்ப வந்து... இப்ப வந்து எங்கிட்ட..."

ஸ்பானர் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே காத்திருந்த மாதிரி ஈஸ்வரி நெஞ்சில் அறைந்துகொண்டு, "எங்க மதினீ..." என்று எடுத்தாள். சாவு கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் கோபம்தான் இருந்தது. அழுகை இப்போதுதான் வாசலுக்கு வந்தது.

குருநாதன் நடந்துகொண்டே இருந்தார். மொபெட் பக்கத்தில் நின்ற ஜெயப்பிரியாவுக்கு இரண்டு பேர் முகமும் தெரிந்தது. நாகேந்திரன் கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்தார். கோபமா அழுகையா என்று தெரியாத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. இந்த மண்ணில் கேதம் கேட்ட எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி.

"எப்ப... எப்ப எடுக்குறீக மச்சான்?"

கேதம் சொன்னவர் திரும்பிப் பார்க்கக் கூடாது.

குருநாதன் திரும்பினார்.